“நாசில் மட்டும் பார்த்தா போதும்” என்பார்கள்: பழைய மினி டிராக்டர் எஞ்சினைச் சோதிக்கும் முறை

விலை குறைவாக வரும் பழைய மினி டிராக்டரில் விற்பவர் சொல்லும் குறை எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். “பேட்டரி வீக்”, “நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) பார்க்கணும்”, “ஃபில்டர் மாத்தினா புகை நின்னுடும்.” பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். காலையில் வண்டி கிளம்ப மறுப்பதற்கு ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) போனதும் காரணமாகலாம், ரிங்கும் (பிஸ்டன் வளையம்) போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்ததும் காரணமாகலாம். முதலாவது ஒரு மணி நேர வேலை. இரண்டாவது எஞ்சினை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பும் வேலை. வெளியே தெரியும் அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதான். விலை பேசுவதற்கு முன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் முறை இது.

எண்கள் வரும் இடங்களில் குபோட்டா பி2441 போன்ற வண்டியில் வரும் டி1105 எஞ்சினை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று சிலிண்டர், 1123 சிசி, 24 குதிரைத்திறன், ஹீட்டர் பிளக் உள்ள வகை. யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்றவை ஒற்றை சிலிண்டர். அவற்றுக்கும் முறை இதேதான், ஆனால் எண்களை அந்தந்த எஞ்சினின் ஒர்க்ஷாப் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. போவதற்கு முந்தைய நாள்

போனில் இரண்டே விஷயம் சொல்லுங்கள். காலை 7 மணிக்கு வருகிறோம், நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டீசல் எஞ்சினின் பெரும்பாலான உண்மைகள் ராத்திரி முழுக்க ஆறிய பிறகு வரும் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். சூடான எஞ்சின் தேய்ந்திருந்தாலும் கிளம்பிவிடும்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: டார்ச், வெள்ளைத் துணி, வெள்ளைத் தாள், மல்டிமீட்டர், 10 முதல் 19 வரை ஸ்பேனர், கண்ணைக் காக்கும் கண்ணாடி, தடிமனான கையுறை, முழு சார்ஜில் ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஜம்பர் கேபிள். மெக்கானிக்கை அழைத்துப் போவதாக இருந்தால் விற்பவருக்குத் தெரியாதவராக இருக்கட்டும். அவருடைய அரை நாள் கூலியைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

2. சாவியைத் தொடுவதற்கு முன்

முதலில் பானட்டைத் திறந்து எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அன்றைக்குச் சோதிப்பதில் பயனில்லை.

ஆறியிருந்தால் டிப் ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வையுங்கள். டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அது குறையல்ல. பார்க்க வேண்டியவை வேறு. பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்து, டீசல் வாசனையும் அடித்தால் ஆயிலில் டீசல் இறங்குகிறது. ஃபீட் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், நாசில் சொட்டலாம். காரணம் சின்னதுதான். ஆனால் அப்படியே பல மாதம் ஓட்டியிருந்தால் நீர்த்த ஆயிலில் பேரிங் தேய்ந்திருக்கும். ஆயில் தேன் நிறத்தில் புத்தம் புதிதாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். நேற்று மாற்றியிருக்கிறார்கள், பழைய ஆயில் சொல்லியிருக்க வேண்டியது போய்விட்டது.

ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் லேசாக வெண்மை படிந்திருந்து, டிப் ஸ்டிக் சுத்தமாக இருந்தால் அது பெரும்பாலும் வெறும் ஈரம். எப்போதாவது ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் வண்டிகளில் அப்படி வரும்.

அடுத்து ரேடியேட்டர் மூடி. ஆறிய நிலையில் மட்டுமே திறக்க வேண்டும். பச்சையோ சிவப்போ கூலன்ட் இருக்கிறதா, வெறும் கிணற்றுத் தண்ணீரா? துருத் தண்ணீர் இருந்தால் ரேடியேட்டரின் உட்குழாய்களும் அடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ரேடியேட்டரின் பின்னால் டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத இடமெல்லாம் தூசியும் சருகும் அடைத்த இடம். ரொட்டவேட்டர் ஓட்டும் வண்டி சூடேறுவதற்கு முதல் காரணம் இதுதான், ஏர் அடித்தாலே சரியாகிவிடும். ஆனால் அடைப்போடு எத்தனை முறை கொதிக்கவிட்டார்கள் என்பது ஹெட்டுக்குத்தான் தெரியும்.

3. ஏர் கிளீனர்: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்தச் சின்ன எஞ்சின்களைக் கொல்வது வயதை விடத் தூசிதான். காய்ந்த நிலத்தில் ரொட்டவேட்டர் ஓடும்போது டிராக்டர் தன் புழுதிக்குள்ளேயே நிற்கிறது. ஏர் கிளீனரைத் தாண்டி உள்ளே போகும் புழுதி ரிங்கையும் போரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். குறுகிய காலத்திலேயே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம்) போய்விடும். அதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம்.

எலிமென்ட்டை வெளியே எடுங்கள். வெளிப்புறம் தூசியாக இருப்பது இயல்பு. அது உட்காரும் வாயையும் அதன் ரப்பர் விளிம்பையும் பாருங்கள். விளிம்பு சப்பியிருக்கிறதா, எலிமென்ட்டில் ஓட்டை இருக்கிறதா? ஏர் அடித்து ஏர் அடித்தே காகிதம் கிழிந்த எலிமென்ட்டுகள் ஏராளம். பிறகு ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளாம்ப்பைக் கழற்றி, எஞ்சின் பக்கக் குழாயின் உள்ளே வெள்ளைத் துணி சுற்றிய விரலால் ஒரு சுற்றுத் துடையுங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். லேசான எண்ணெய்க் கசிவு பரவாயில்லை. செம்மண்ணோ, எண்ணெயில் குழைந்த மணலோ வந்தால் அந்த எஞ்சின் புழுதி தின்றிருக்கிறது. இதற்குப் பிறகு விற்பவர் எதைச் சொன்னாலும் கம்ப்ரஷன் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஹோஸையும் விரலால் வளைத்துப் பாருங்கள். கீழ்ப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வெடித்திருக்கும். டேப் சுற்றியிருந்தால் எவ்வளவு நாளாக என்று கேளுங்கள். ஆயில் பாத் வகையாக இருந்தால் கிண்ணத்தில் ஆயில் கோட்டளவுக்கு இருக்கிறதா, அடியில் சேறு எவ்வளவு என்று பாருங்கள். கிண்ணம் காய்ந்திருந்தால் ஏர் கிளீனர் இல்லாமல் ஓடியதாகத்தான் பொருள்.

4. பேட்டரியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுங்கள்

மெதுவாகச் சுற்றும் எஞ்சின், கம்ப்ரஷன் இல்லாத எஞ்சினைப் போலவே நடிக்கும். அதனால் முதலில் இதை முடித்துவிடுங்கள். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உங்கள் பேட்டரியை இணைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மெதுவாகச் சுற்றினால் எர்த் கேபிளின் முனையைச் சுரண்டிப் பூட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் செல்ஃப் மோட்டார் வேலை.

ஹீட்டர் பிளக்கின் மேல் இணைப்புப் பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளக்கலாம். டி1105-இல் ஒன்று ஏறக்குறைய 0.9 ஓம் காட்டும். எதுவும் காட்டாமல் திறந்து நின்றால் அந்தப் பிளக் செத்துவிட்டது. மூன்றும் நன்றாக இருந்தால் “ஹீட்டர்தான் ப்ராப்ளம்” என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

5. முதல் ஸ்டார்ட்

ஒருவர் சாவியில், ஒருவர் சைலென்சர் பக்கம். முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள், பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

ஹீட்டரைச் சில விநாடி பிடித்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். நம் சமவெளிக் காலையில், 25 டிகிரி வெப்பத்தில், நல்ல எஞ்சின் ஓரிரு விநாடியில் பிடித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். சமவெளியில் பத்து, பதினைந்து விநாடி சுற்றி, வெள்ளைப் புகையைத் தள்ளிய பிறகே ஒவ்வொரு சிலிண்டராகப் பிடித்தால், ஹீட்டர் நன்றாக இருக்கும் பட்சத்தில், மிச்சம் இருப்பது நாசிலும் கம்ப்ரஷனும்தான்.

விற்பவர் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயைக் கையில் எடுத்தால் உடனே தடுங்கள். சூடான ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டனும் ரிங்கும் உடையும். அந்த டப்பா ஷெட்டில் தயாராக இருப்பதே ஒரு பதில்.

புகையை இப்படிப் படியுங்கள். கண்ணை எரிக்கும் டீசல் வாசனையோடு வரும் வெள்ளைப் புகை, எரியாத டீசல். சூடானதும் நின்றால் நாசில் அல்லது லேசான தேய்மானம், நிற்காவிட்டால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவே இல்லை. இனிப்பு வாசனையோடு நீராவி போல வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு குபீர் வந்து நின்றால் வால்வு சீல், லோடில் தொடர்ந்து வந்தால் ரிங். கரும்புகைதான் கொஞ்சம் ஏமாற்றும். ஏர் அடைப்பாலும் வரும், பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்தாலும் வரும். பவர் குறைந்த எஞ்சினுக்கு டீசலைக் கூட்டி ஓட்டுவது பழைய வழக்கம் என்பதால், பம்ப்பின் சீல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் இன்னொன்று. ஒரு நிமிடத்துக்குள், எஞ்சின் இன்னும் ஆறியே இருக்கும்போது, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்து அழுத்துங்கள். மெத்தென்று இருக்க வேண்டும். அதற்குள் கல்லாக இறுகியிருந்தால் சிலிண்டரின் காற்று தண்ணீரில் ஏறுகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கும், அல்லது ஹெட் வெடித்திருக்கும்.

6. பேக் கம்ப்ரஷன்

ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் காற்றைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பதினைந்து நிமிடம் ஓடிச் சூடானதும், ஸ்லோவில் (ரேஸ் கொடுக்காமல்) வைத்து ஆயில் மூடியைத் திறந்து, திருப்பிப் போட்டு ஓட்டையின் மேல் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. எந்தப் பழைய எஞ்சினும் சிறிது ஊதத்தான் செய்யும். மூடி குதித்து விழுந்தால், பீடிப் புகை போல விட்டு விட்டு வந்தால், பிரீதர் குழாயின் (எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் குழாய்) வாயில் ஆயில் சொட்டினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேஸைக் கூட்டியும் ஒரு முறை பாருங்கள்.

இந்தச் சோதனையில் விற்பவர்கள் தயாராக இருப்பார்கள். கெட்டியான ஆயிலோ, ஆயிலைக் கெட்டிப்படுத்தும் மருந்தோ ஊற்றியிருந்தால் ஊதல் குறையும், சத்தமும் அடங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் தேன்பாகு போல நூலாக இறங்கினால் அதை நினைவில் வையுங்கள்.

7. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை?

மூன்று சிலிண்டர் எஞ்சின் ஸ்லோவில் குலுங்கினால் இதைச் செய்யலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் துணி சுற்றிக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்று எஞ்சின் சத்தம் மாற வேண்டும். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எதைத் தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். டி1105-இல் நாசில் திறக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ அளவு (கீழே வரும் கிலோ எல்லாம் இதே கணக்கு). அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவை ஒருபோதும் விரலால் தேடாதீர்கள். டீசல் தோலுக்குள் போய்விட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செத்த சிலிண்டர் தெரிந்ததும் அதன் நாசிலை நல்ல சிலிண்டரின் நாசிலோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. குறை நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் “நாசில் மட்டும்” என்று விற்பவர் சொன்னது உண்மை. அதே சிலிண்டரில் நின்றுவிட்டால் அடுத்த படிக்கு வாருங்கள்.

8. கம்ப்ரஷன்: எண்ணில் பேசும் இடம்

பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும் கேஜ் இதற்கு ஆகாது. அதன் முள் 20 கிலோவிலேயே முட்டிக்கொள்ளும். டீசல் கேஜும், அந்த எஞ்சினின் ஹீட்டர் பிளக் ஓட்டைக்கோ நாசில் ஓட்டைக்கோ பொருந்தும் அடாப்டரும் வேண்டும். நல்ல டீசல் பட்டறைகளில் இருக்கும். ஒன்றரை மணி நேரம் ஆகும்.

எஞ்சின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில், மூன்று ஹீட்டர் பிளக்கும் கழற்றி, டீசலை நிறுத்திவிட்டு 5 முதல் 10 விநாடி சுற்ற வேண்டும். டி1105-க்குப் புதிதில் 29 முதல் 33 கிலோ. தாங்கும் எல்லை 23 கிலோ. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாம் 27-இல் சமமாக நிற்கும் எஞ்சின், 31, 30, 22 காட்டும் எஞ்சினை விட நல்லது. முன்னது சீராகத் தேய்ந்தது, பின்னதில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது.

குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் மட்டும் விட்டு மறுபடி அளங்கள். அதற்கு மேல் ஊற்றினால் பிஸ்டன் முட்டும். எண் நன்றாக ஏறினால் ரிங், போர். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் ஒன்றாகக் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கும்.

ஹீட்டர் பிளக் கழற்றும்போதுதான் வம்பு வரும். பல ஆண்டு தொடாத பிளக் முறிந்து முனை உள்ளே விழுந்தால் ஹெட்டை இறக்க வேண்டும். யார் பொறுப்பு என்பதை விற்பவரோடு முன்பே பேசிவிடுங்கள். இறுகிய பிளக்குக்கு முந்தைய நாளே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

9. ஆயில் பிரஷர்

டேஷ்போர்டு விளக்கை நம்பாதீர்கள். சாவியைத் திருப்பியதும் அது எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். எரியாவிட்டால் வயரைப் பிடுங்கியிருக்கலாம். ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு கேஜ் பொருத்தி, எஞ்சின் நன்கு சூடான பிறகு அளந்தால் டி1105-இல் ஸ்லோவில் 0.5 கிலோவுக்கு மேலும், முழு ரேஸில் 2 முதல் 4.5 கிலோவும் வர வேண்டும். முழு ரேஸில் 1.5-க்குக் கீழே போனால் பேரிங்கும் கிராங்க்கும் பார்க்க வேண்டிய எஞ்சின். ஆழத்திலிருந்து ‘டம் டம்’ என்ற தட்டலும் சேர்ந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மேலே ‘டிக் டிக்’ என்று கேட்பது பெரும்பாலும் டேப்பெட் (வால்வு இடைவெளி). ஆறிய எஞ்சினில் 0.145 முதல் 0.185 மில்லிமீட்டர் இடைவெளிக்கு வைத்தால் அடங்கிவிடும்.

10. லோடில் ஒரு மணி நேரம்

சும்மா ரேஸ் செய்து காட்டும் வண்டி எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ரொட்டவேட்டர் மாட்டி, அந்த நிலத்தில் வழக்கமான ஆழத்தில் குறைந்தது 45 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். டீசல் செலவை நீங்களே கொடுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பவர் குறைந்து நின்று, கொஞ்ச நேரம் விட்டதும் மறுபடி கிளம்பினால் டாங்க் அடியில் குப்பை அடைக்கிறது. பயமுறுத்தும் குறை, ஆனால் சரிசெய்ய எளிது. டாங்க் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்தால் போதும். சூடேற்றம் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர், பெல்ட், தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் ஏன் எறிந்தார்கள் என்பதுதான் கேள்வி.

முடிந்ததும் ஐந்து நிமிடம் ஸ்லோவில் விட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆறியபோது பிடித்த எஞ்சின் சூட்டில் பிடிக்க மறுத்தால் டீசல் பம்ப்பின் உள்பாகம் தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடுக்கில் கசிந்துவிடுகிறது. பம்ப் பட்டறைக்கு அனுப்ப வேண்டிய வேலை அது. வண்டி ஆறிய பிறகு கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை.

11. மணிக் கணக்கும் விலையும்

ஹவர் மீட்டர் (எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டுவது) 900 காட்டுகிறது என்றால் வாடகைக்கு ஓடியதா என்று கேளுங்கள். நாளுக்கு 4 மணி, ஆண்டுக்கு 150 நாள் என்றாலே 600 மணி ஆகிறது. ஆறு ஆண்டில் 3600. கிளட்ச் பெடல் ரப்பரும் பின் டயரும் மீட்டரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

விலை பேச மூன்று கூறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேட்டரி, ஃபில்டர், ஹீட்டர் பிளக், ஹோஸ், பெல்ட், டேப்பெட் ஒரு கூறு. இவை எந்தப் பழைய வண்டியிலும் வரும், இவற்றுக்காகப் பேரத்தை முறிக்க வேண்டாம். நாசில், பம்ப், செல்ஃப், ரேடியேட்டர், ஹெட் கேஸ்கட் அடுத்தது. இதற்குப் பட்டறையில் கேட்ட தொகையை விலையில் கழியுங்கள். ஹெட் இறக்கினால் அதன் பரப்பைச் சமன்செய்யும் ஃபேசிங்கும் வால்வு சீட் வேலையும் கூடவே வரும். மூன்றாவது கூறு போரும் கிராங்க்கும். லேத் பட்டறையில் கேட்கும்போது “எஞ்சின் வேலை எவ்வளவு” என்று கேட்காதீர்கள். மூன்று சிலிண்டர் போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன் ரிங் செட், மெயின் மற்றும் பிக் எண்ட் பேரிங், கிராங்க் கிரைண்டிங், முழு கேஸ்கட் செட், ஆயில், இறக்கி ஏற்றும் கூலி, எஞ்சினைக் கொண்டுபோகும் வண்டி வாடகை என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். பாகம் வர எத்தனை நாள் என்பதும் முக்கியம். உழவுக் காலத்தில் வண்டி பட்டறையில் நின்றால் அதுவரை வேறு டிராக்டருக்குக் கொடுக்கும் வாடகையும் உங்கள் செலவுதான். இந்தத் தொகையும் வண்டி விலையும் சேர்ந்து, நல்ல நிலையில் உள்ள இன்னொரு பழைய வண்டியின் விலையைத் தொட்டால் வாங்காதீர்கள்.

12. காகிதங்கள், முன்பணத்துக்கு முன்

ஆர்சி புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் இங்கேதான் தெரியும். எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு ஆர்சி, இன்சூரன்ஸ் காலாவதித் தேதிகளைப் பாருங்கள். 15 ஆண்டைத் தாண்டிய பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆர்சியில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அவர்களின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), உரிமையாளரும் ஃபைனான்ஸும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் (கடன் முடிந்ததற்கானது) வாங்காமல் முழுப் பணம் தராதீர்கள். “லோன் முடிஞ்சிடுச்சு, பேப்பர் அப்புறம் வரும்” என்பதற்கு முன்பணம் மட்டும்தான். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்குபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெளிமாநில வண்டியானால் படிவம் 28-இல் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி தேவை. மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் கேளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம், வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

முன்பண ரசீதில் கம்ப்ரஷன் சோதனைக்கு உட்பட்டது என்று ஒரு வரி எழுதி, எத்தனை கிலோவுக்குக் கீழே வந்தால் பணம் திரும்ப என்பதையும் எண்ணாகவே குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள்.